ஜப்பானிய இலக்கணமும் இரவல் கண்ணாடியும்

ஜப்பானிய மொழியைத் தாமே கற்க முயலும் இளைஞர் நம்மிடையே இன்று பலர் உளர். தொழிற்சாலைகளில் ஜப்பானிய மேலாளரின் கீழ் வேலை பார்ப்போர், அந்நாட்டில் உயர்கல்வி நாடுவோர், அந்நாட்டுச் சித்திரக் கதைகளில் மனத்தைப் பறிகொடுத்தோர் என அவர்கள் பலதிறத்தர். 1982ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்த நாள்தொட்டு இவ்வார்வம் தோட்டங்களுக்குள்ளும் மெல்ல மெல்லப் புகுந்துள்ளது. ஆசிரியரை அடுத்துக் கற்கும் வசதி இவர்களுள் ஒரு சிலருக்கே உண்டு. ஏனையோர் ஒரு நூலை வாங்கி, வேலை ஓய்ந்த இரவுப் பொழுதில் தாமே எழுத்துக் கூட்டிப் படிக்கின்றனர். அவர்கள் கையிலிருக்கும் நூல்கள் எத்தகையன? அவை ஒரு தமிழனுக்கு எவ்வளவு தூரம் பயன்படும்? இதனை ஆராயவே நாம் எழுதப் புகுந்தோம்.

நம் நாட்டில் பெரிதும் வழங்குவன மூன்று நூல்கள். முதலாவது 'கெங்கி'. இது 1999இல் வெளிவந்து, 2020இல் மூன்றாம் பதிப்புக் கண்டது. இரு பாகங்களில் 23 பாடங்கள் உடையது. இரண்டாவது 'மின்ன நோ நிஹொங்கோ'. 1998இல் தோன்றிய இந்நூலின் தொடக்க நிலை இரு பாகங்களிலும் 50 பாடங்கள் உள. மூன்றாவது, மாக்கினோ, த்ஸுத்ஸுயி என்னும் இருவர் 1986இல் இயற்றிய அடிப்படை இலக்கண அகராதி. மூன்றும் நல்லறிஞர் செய்த நன்னூல்களே. எனினும் முதல் நூல் வகுப்பறையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. 'உன் பக்கத்தில் இருப்பவனிடம் கேள்' என்று பாடந்தோறும் பயிற்சி தருகின்றது. பக்கத்தில் எவரும் இல்லாதவன் யாரிடம் கேட்பான்? இரண்டாவதன் மூலநூல் முழுதும் ஜப்பானிய மொழியிலேயே அமைந்தது; விளக்கமும் மொழிபெயர்ப்பும் தனிநூலாக விற்கப்படுகின்றன. இதனை அறியாமல் மூலத்தை மட்டும் வாங்கியவன் பணத்தையும் இழந்து ஊக்கத்தையும் இழக்கிறான். தனியே கற்பவனுக்கு மூன்றாவது நூலே பேருதவி என்பது நம் கருத்து. ஒவ்வோர் இடைச்சொல்லுக்கும் எடுத்துக்காட்டுக்கள் ஏராளம். ஒன்றோடொன்று மயங்கும் வழக்குகளை அருகருகே வைத்து வேறுபாடு காட்டும் முறை மிகச் சிறந்தது.

ஆயின் நம் குறை இவற்றின் தரத்தைப் பற்றியதன்று. இவற்றுள் தரப்படும் விளக்கங்கள், நம்மவர் படிக்கும் பதிப்புக்களில், ஆங்கிலம் பேசுவோனை முன்னிருத்தி எழுதப்பட்டவை. அவனுக்கு எது விந்தையாகத் தோன்றுமோ அதனை விந்தை என்கின்றன; அவனுக்கு எது கடினமோ அதனைக் கடினம் என்கின்றன. தமிழன் அவனுடைய கண்ணாடியை இரவல் வாங்கி அணிந்துகொண்டு, தன் வீட்டு முற்றத்தையே அந்நிய நாடென்று எண்ணி மலைக்கிறான். நாமும் ஆங்கிலப் பள்ளியின் வழியாக வந்து எழுதுகோல் பிடித்தவரே. ஆதலின் ஆங்கிலத்தின்மீது பகைகொண்டு இதனைக் கூறுவதாக எவரும் கருத வேண்டா.

ஜப்பானிய வாக்கியம் 'தலைகீழாக' நடக்கிறது என்பது ஆங்கிலம் வழியாகக் கற்போர் முதலில் சொல்லும் வியப்பு. வினை இறுதியில் வருகிறதாம்! உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறதாம்! 'தாரோ வ சகன ஓ தபெத' என்றால் 'தாரோ மீனைத் தின்றான்' என்பது பொருள். 'சகன' மீன், 'ஓ' என்பது நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ', 'தபெத' தின்றமை. இதில் தலைகீழ் எங்கே இருக்கிறது? நான்காம் வகுப்புத் தமிழ்ப்பள்ளிச் சிறுவன் சொல்லுக்குச் சொல் அப்படியே மாற்றிவிடுவானே! 'நேற்று வாங்கிய புத்தகம்' என்னும் பெயரெச்சத் தொடரை ஜப்பானியர் 'கினோ கத்த ஹொன்' என்பர். கினோ, நேற்று, கத்த, வாங்கிய, ஹொன், புத்தகம். ஆங்கில வாக்கியத்தில் புத்தகம் முன்னே சென்று, இணைப்புச் சொல் ஒன்று இடையே புகுந்து, வாங்கிய செய்தி பின்னே இழுபட்டு வரும். அதனைப் பழகியவனுக்கு இத்தொடர் ஒரு பெரிய பாடம். தமிழனுக்கோ இது பாடமே அன்று.

இன்னும் ஒன்று கூறுவோம். 'ஸோ வ ஹன க நகய்' என்னும் வாக்கியம் ஜப்பானிய இலக்கண உலகில் புகழ்பெற்றது. மிக்கமி அக்கிரா என்னும் அறிஞர் 1960இல் இதனையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். கணித ஆசிரியராக இருந்து இலக்கணம் ஆராய்ந்தவர் அவர். மேனாட்டு இலக்கணத்தின் 'எழுவாய்' என்னும் கருத்து ஜப்பானிய மொழிக்குப் பொருந்தாது, அதனை அறவே ஒழிக்க வேண்டும் என்று வாதாடியவர். அவ்வாக்கியத்தில் 'ஸோ' யானை, 'ஹன' மூக்கு, 'நகய்' நீளம். யானையும் மூக்கும் ஆகிய இரண்டில் எழுவாய் எது என்று மேனாட்டு முறை கற்றோர் தலையைப் பிய்த்துக்கொண்டனர். 'யானைக்குத் தும்பிக்கை நீளம்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். குழப்பம் எங்கே? 'எனக்குத் தண்ணீர் வேண்டும்', 'எனக்கு ஜப்பானியம் புரியும்', 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பனவும் இவ்வகையினவே. ஆங்கிலம் இவற்றில் 'நான்' என்பதை எழுவாயாக இழுத்து நிறுத்தும். ஆதலின் 'இவ்வினைகள் 'ஓ' ஏற்கா, 'க' ஏற்கும்; விலக்காக நினைவிற்கொள்க' என்று அவ்வழிக் கற்பவன் ஒரு பட்டியலை நெட்டுருப் போடுகிறான். தமிழனுக்கு இது விலக்கன்று. தாய் ஊட்டிய விதி.

இதற்கெல்லாம் மேலாக நாம் வியந்தது துணைவினைகளின் பகுதி. ஜப்பானியத்தில் 'தெ' என முடியும் ஒரு வடிவம் உண்டு. அது நம் 'செய்து' என்னும் வினையெச்சமே. அதன்பின் ஒரு துணைவினை வந்து பொருளை வளைக்கிறது. 'தபெதெ மிரு' என்றால் தின்று பார். 'மிரு' என்பதற்குத் தனியே 'பார்' என்பதே பொருள். 'கத்தெ ஒகு', வாங்கி வை. 'ஒகு' என்பது வைத்தல். 'வசுரெதெ ஷிமவ்', மறந்துவிடு. 'மொத்தெ குரு', கொண்டு வா. 'மொத்தெ இகு', கொண்டு போ. 'தின்று பார்' என்பதில் கண்ணால் பார்ப்பது ஒன்றுமில்லை, சுவைத்துச் சோதிப்பதே குறிப்பு என்பதைத் தமிழனுக்கு எவரேனும் விளக்க வேண்டுமா? கெங்கி நூலில் 'தெ' வடிவம் 6ஆம் பாடத்தில் வருகிறது. 'மிரு' 13ஆம் பாடத்தில். 'ஒகு' 15ஆம் பாடத்தில். 'ஷிமவ்' 18ஆம் பாடத்தில். மின்ன நோ நிஹொங்கோவில் 14ஆம் பாடத்தில் தொடங்கும் 'தெ' வடிவத்திற்கு 'மிரு' வந்து சேர 40ஆம் பாடம் வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலம் பேசுவோனுக்கு இத்தனை இடைவெளி தேவைதான். அவன் மொழியில் இதற்கு நிகரான அமைப்பு இல்லை. தமிழனோ ஒரே மாலையில் கற்று முடிக்கக்கூடிய ஒன்றைப் பல மாதங்களில் துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் புதுமையென எண்ணி விழுங்குகிறான்.

'ஷிந்தெ இரு' என்பதனையும் பாருங்கள். 'தெ இரு' என்பது நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டும் என்று ஆங்கில வாய்பாட்டால் மட்டும் மனத்தில் பதித்தவன், இதற்குச் 'செத்துக்கொண்டிருக்கிறான்' என்று பொருள் கொள்வான். உண்மையில் 'இறந்துவிட்டான், இறந்த நிலையில் இருக்கிறான்' என்பதே பொருள். தமிழில் 'வந்திருக்கிறான்' என்பதும் 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதும் வேறு வேறு. இவ்வேறுபாட்டை அறிந்த நாவுக்கு இங்கே மயக்கம் நேர இடம் குறைவு. 'இத்த கொதொ க அரு' என்னும் தொடரோ அப்படியே 'போனதுண்டு'. இதற்குமேல் எளிமை வேண்டுமா?

அயல்மொழியை அயல் அச்சில் வார்ப்பது புதிய வழக்கமன்று. போர்த்துக்கீசிய ஏசு சபையார் ஜுவாவ் ரொட்ரீகஸ் என்பவர் 1604 முதல் 1608 வரை நாகசாக்கியில் அச்சிட்ட பெரிய ஜப்பானிய இலக்கணம் இலத்தீன் சட்டத்தில் பொருத்தப்பட்டதே. அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே அச்சபையின் அன்றீக்கு அன்றீக்கசு அடிகள் தமிழுக்கும் அவ்வச்சிலேயே ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். ஆக, இரு மொழிகளும் ஒரே தையற்காரரிடம் அளவு கொடுத்தன எனலாம்! தமிழுக்குத் தொல்காப்பியம் இருந்தது. அச்சட்டை நம்மைப் பெரிதும் இறுக்கவில்லை.

தொல்காப்பியத்தை இங்கே நினைவூட்டுவது பெருமைக்காக அன்று. 'தா' என்னும் வினை தன்மை முன்னிலைகளுக்கும், 'கொடு' என்னும் வினை படர்க்கைக்கும் உரியவை என்று அது வரையறுக்கின்றது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். ஜப்பானியத்தில் இது இன்றும் உயிருள்ள விதி. பிறர் எனக்குத் தருவது 'குரெரு'. நான் பிறருக்குக் கொடுப்பது 'அகெரு'. மாற்றிச் சொன்னால் வாக்கியம் பிழைபடும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். எனவே ஆங்கில நூல்கள் அம்புக்குறிப் படங்கள் வரைந்து பக்கங்களை நிரப்புகின்றன. அவ்வாறே 'கொரெ, சொரெ, அரெ, தொரெ' என்னும் சுட்டும் வினாவும். என் அருகிருப்பது, உன் அருகிருப்பது, இருவர்க்கும் சேய்மையிலிருப்பது எனச் சுட்டு மூன்று. 'இது, அது' என இரண்டே அறிந்த இக்காலத்தவர் திகைக்கலாம். 'இது, உது, அது' என்னும் மூன்றையும் பழந்தமிழ் அறியும். யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'உது' இன்னும் வழங்குகிறது. நம் நகரங்களில் யாழ்ப்பாணக் குடும்பங்கள் உள்ளனவே, அடுத்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் போதும்.

எழுத்தினைப் பற்றிச் சிறிது கூறி அப்பால் செல்வோம். ஹிரகன எழுத்துக்கள் அடிப்படையில் 46. அவற்றின் நெடுங்கணக்கு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று செல்கிறது. 'ஹ' வரிசை பண்டைக் காலத்தில் 'ப' ஒலியுடையது என்பர். இவ்வரிசை நமக்குப் பழகியதாய்த் தோன்றுவதில் வியப்பில்லை. பௌத்தத் துறவிகள் பயின்ற இந்திய எழுத்து முறையின் வழியாக அங்கே சென்றது அது. குறில் நெடில் வேறுபாடு அங்கே உயிர்நாடி: 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஒற்று மிகுதலும் அவ்வாறே: 'கிதெ' என்பது வந்து, 'கித்தெ' என்பது தபால் தலை. படு, பட்டு என வேறுபடுத்தி வளர்ந்த செவிக்கு இவை கடினமல்ல. ஒரே ஓர் எச்சரிக்கை: நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு இடையில் நிற்கும் ஒற்றும் 'ன்' என்னும் மூக்கொலியும் முழு மாத்திரை பெறும். சீன எழுத்துக்களைப் பொறுத்தமட்டில் தமிழ் ஒன்றும் செய்யாது. 2010இல் அந்நாட்டரசு திருத்திய பொது வழக்குப் பட்டியலில் 2136 எழுத்துக்கள் உள. அங்கே நம் சீன நண்பர்கள் நம்மை முந்திச் செல்வர். நாம் உட்கார்ந்து எழுதியே தீர வேண்டும்.

ஆனால் மலாய் மொழி நமக்குக் கைகொடுக்கும் ஓரிடம் உண்டு. இதனை எந்த நூலும் நமக்குச் சொல்லவில்லை. பொருள்களை எண்ணுங்கால் ஜப்பானியர் வெறும் எண்ணைச் சொல்வதில்லை. பொருளின் வடிவுக்கேற்ற ஒரு சொல்லைச் சேர்ப்பர். விலங்காயின் 'ஹிக்கி', நீண்டு உருண்டதாயின் 'ஹொன்', தட்டையானதாயின் 'மய்', மனிதராயின் 'நின்'. ஆங்கிலமும் தமிழும் மட்டும் அறிந்தவனுக்கு இது புதுத் தொல்லை. மலேசியத் தமிழனுக்கோ எக்கோர், பாத்தாங், கெப்பிங், ஓராங் என்பன பள்ளியிலேயே பழகியவை. 'செஎக்கோர்' என்று கோழியையும் 'செகெப்பிங்' என்று காகிதத்தையும் எண்ணியவன் இந்தப் பாடத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வாக்கிய அமைப்புக்குத் தமிழ், எண்ணல் முறைக்கு மலாய் என இரண்டு திறவுகோல்களையும் இடுப்பில் செருகிக்கொண்டு பிறந்தவன் தோட்டத்துப் பிள்ளை. அவனிடம்தான் 'உனக்கு ஆங்கிலம் போதாது. நீ மூன்றாம் மொழி கற்க முடியாது' என்று சொல்லி அனுப்பிவிடுகின்றனர். இதனைவிடப் பெரிய அநியாயம் வேறென்ன?

இவ்வளவும் கூறியபின் ஒரு கூட்டத்தார் துள்ளியெழுவர் என்பதை நாம் அறிவோம். 'ஆகா! ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து பிறந்ததன்றோ!' என்பர். ஓனோ சுசுமு என்னும் பேரறிஞர் (1919–2008) தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் உறவு உண்டென்று பல்லாண்டு ஆராய்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் உழைத்தனர். அவ்வுழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் மொழிநூல் வல்லார் மிகப் பலர் அம்முடிபை ஏற்கவில்லை. வினை இறுதியில் நிற்பதும் உருபு பின்னொட்டுவதும் கொரிய மொழியிலும் உண்டு, மங்கோலியத்திலும் உண்டு, துருக்கியிலும் உண்டு. ஒரே மாதிரி வேட்டி கட்டியவரெல்லாம் உடன்பிறந்தார் ஆவரா? உறவு நிலைநாட்டப்பட்டால் என்ன, படாவிட்டால் என்ன? அமைப்பு ஒத்திருக்கிறது, அது கற்பவனுக்கு இன்றே பயன்படும். பழம்பெருமை பேசும் மேடையில் ஜப்பானியத்தை ஏற்றிக் கைதட்டு வாங்குவோருள் எத்தனை பேர் 46 எழுத்துக்களைக் கற்றிருக்கின்றனர்?

ஜப்பானிய மொழி என்றதும் முகம் சுளிக்கும் முதியோரும் நம் தோட்டங்களில் உளர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்து 'சியோனான்' என்று பெயர் மாற்றப்பட்டதும், 1945 வரை பள்ளிகளில் 'நிப்பொங்கோ' புகுத்தப்பட்டதும், சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் மீளாமற் போனதும் அவர்கள் வீட்டுக் கதைகள். 'பகாயாரோ' என்னும் வசையே அவர்கள் காதில் விழுந்த ஜப்பானிய இலக்கியம். அக்கசப்பு நியாயமானது, 'மொழி என்ன குற்றம் செய்தது' என்று அவர்களிடம் எளிதாகப் பேசிவிட நாம் துணியோம். ஏவலாக வந்த மொழியைப் பேரன் இன்று தன் விருப்பத்தால் கற்கிறான் என்பதைமட்டும் அவர்கள் முன் வைக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் உரிமை.

இனித் தமிழே நம்மைக் கவிழ்க்கும் குழிகளையும் காட்டாவிடின் நம் வாதம் ஒருதலைப்பட்சமாகும். 'தோட்டத்தில் இருக்கிறான்', 'தோட்டத்தில் வேலை செய்கிறான்' என இரண்டிடத்தும் நாம் 'இல்' என்போம். அவர்களோ இருப்புக்கு 'நி' என்றும் செயலுக்கு 'தெ' என்றும் பிரிப்பர். 'இரு', 'அரு' என்னும் இருப்பு வினைகளை உயர்திணை, அஃறிணை என்று நாம் பிரித்தால் நாய் இடறும். அவர்கள் பிரிவு உயிருடையதா, இல்லையா என்பது. 'வ', 'க' என்னும் இரண்டின் வேறுபாடு தமிழ் வாய்பாட்டால் முழுதும் பிடிபடாது. இங்கே முற்கூறிய அகராதியையே நாட வேண்டும். 'செய்தால்' என்னும் நம் ஒரே வடிவத்திற்கு அங்கே நான்கு உண்டு.

மிகப் பெரிய குழி மரியாதையில் உள்ளது. நம் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்தால், 'துரை வெளியே போயிருக்கிறார்' என்று பணிவுடன் கூறுவோம். அப்படிக் கூறாத கிராணியின் வேலை நிலைக்குமா? ஜப்பானியக் கிராணி தன் மேலாளரைப் பற்றி வெளியாரிடம் பேசுங்கால் அவர் பெயரோடு எந்த மரியாதை அடையும் சேர்க்கமாட்டான். வினையையும் தாழ்த்தியே கூறுவான். தன்னைச் சேர்ந்தவர் எவராயினும் பிறர்முன் தாழ்த்திப் பேசுவதே அங்கே முறை. தன் தந்தையைப் பிறரிடம் 'சிச்சி' என்பான். பிறர் தந்தையை 'ஒதோசன்' என்பான். 'சிச்சி' என்பதைக் கேட்டுச் சிரிப்போர் சிரிக்கட்டும்! நாமோ நம் அப்பாவை எங்கும் 'அவர்' என்றே சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலக் கண்ணாடி அணிந்தவனுக்கு 'மரியாதை வடிவம் உண்டு' என்பதே புதுமை. அவன் விதியைப் புதிதாகக் கற்றுத் தப்பித்துக்கொள்வான். நாம் பழைய மரியாதையை அப்படியே கொண்டுபோய் விழுவோம்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றிக் கேட்பர். எழுத்தை மனத்தில் பதிக்க அவை நன்று. இலக்கணத்திற்கோ ஆங்கிலத் தொடரைத் துண்டாக்கி மாற்றியடுக்கச் சொல்லும் அவ்விளையாட்டு, நாம் மேலே சொன்ன நோயையே வளர்க்கும்.

நம் நகரப் புத்தகக் கடைகளில் நாம் தேடிய அளவில் ஜப்பானிய இலக்கணத்தைத் தமிழ் வழியாக விளக்கும் நூல் கிடைக்கவில்லை. 1984 முதல் நடைபெற்றுவரும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் தேறிய தமிழர் நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றனர். அவருள் தமிழ் இலக்கணமும் அறிந்த ஒருவர் முன்வர வேண்டும். முதற் பாடத்தில் வேற்றுமை உருபுகள். இரண்டாவதில் பெயரெச்சமும் வினையெச்சமும். உடனே துணைவினைகள் அனைத்தும். பின்னர் மலாய் வழக்கைக் காட்டி எண்ணல். அதன்பிறகே 'வ', 'க' வேறுபாடும் மரியாதையும். இவ்வடைவில் எழுதினால் 100 பக்கங்களுக்குள் அடங்கும்.

அதுவரை காத்திராத ஒருவரை நாம் அறிவோம். நம் தோட்டத்தில் செம்பனைக் குலை எண்ணும் இளைஞர் அவர், தமிழ்ப்பள்ளியில் கற்றவர், ஆங்கிலம் குறைவு. கெங்கி நூலில் ஆங்கில விளக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக்காட்டுக்களை மட்டும் படித்து, ஒவ்வொன்றின் கீழும் தமிழ் வாக்கியம் எழுதி, உருபுக்கு உருபு கோடிட்டு இணைத்து வருகிறார். புரியாத இடத்தில் வினாக்குறி இட்டு நம்மிடம் கொண்டுவருவார். ஆங்கில விளக்கத்தை நாம் படித்துச் சொல்வோம். இதுகாறும் 9 பாடங்கள் முடிந்துள்ளன. அக்கையேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ள அடுத்த தோட்டத்திலிருந்து இரு பெண்கள் சென்ற வாரம் கேட்டனுப்பியிருக்கின்றனர்.